ஆராயி எழுதிய ஒரு வாக்கியம்

ஆராயி என்று பெயர் வைத்தவர்கள் யாரும் அவள் கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்குவாள் என்று நினைத்து வைக்கவில்லை. அது குலதெய்வத்தின் பெயர். அடி அண்ணாமலையில் அவள் பிறந்த தெருவில் மட்டும் மூன்று ஆராயிகள் இருந்தார்கள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் பெயர் வேடிக்கையாகிவிட்டது. "ஆராயி என்னத்த ஆராயப் போறா?" என்று எம்.எஸ்ஸி. வகுப்பில் பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை, முதல் மார்க் வாங்கினாள். பிஎச்.டி.க்குப் பதிவு செய்த அன்று அதே பையன்களில் ஒருவன் போன் பண்ணி, "பேருக்கேத்த வேலதான் கெடச்சிருக்குது உனக்கு" என்றான். அதற்கு மட்டும் சிரித்தாள்.

அது 2014, ஆனி மாதம். ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பலராமன் என்பவர் வேதியியல் துறைத் தலைவர். அவரிடம்தான் சேர்ந்தாள். பலராமன் யாரையும் அதட்டிப் பேசமாட்டார். பெண் பிள்ளைகளை "வாம்மா, போம்மா" என்பார். ஆராயியின் அப்பா மாட்டு வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். அப்படி முடியவில்லை.

அவர் கொடுத்த தலைப்பு, 'உலோகம் அடங்கிய சிலிக்கோன் பாலிமர்கள்: தயாரிப்பும் அமைப்பு ஆய்வும்'. அதைத் தமிழில் சொன்னாலும் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அம்மா தனம் கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருந்தாள். பௌர்ணமிக்கு முந்தின நாள் மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு கட்டும்போது கேட்டாள்:

"சிலிக்கோனுன்னா இன்னாடி?"

"பாத்ரூம்ல கண்ணாடி ஓரத்துல பசை மாதிரி வெக்கறாங்களே, அது. கொழந்தைங்க பால் பாட்டில் ரப்பரு, அதுவும் அதான்."

"அதுல நீ இன்னா பண்ணப் போற?"

ஆராயி அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தை இழுத்துக் காட்டினாள். மல்லி, மரு, மல்லி, மரு. "சிலிக்கோனும் இந்த மாதிரி ஒரு சரந்தாம்மா. சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன்னு மாத்தி மாத்திக் கோத்தது. நான் நடுநடுவுல ஒரு கனகாம்பரம் வெச்சுக் கட்டணும். அதான் உலோகம். அப்பத்தான் ஜாஸ்தி சூடு தாங்கும்."

"இவ்ளோதானா? இத நான் ஒரு நாளைக்கு நூறு மொழம் கட்டுவேன்" என்றாள் தனம்.

பலராமனிடம் ஆராயிக்கு முன்னால் ஆராய்ச்சி செய்தவள் ரேவதி. செய்யாறு பக்கத்துப் பெண். அந்தச் சரத்தில் டைட்டானியத்தைக் கோத்துவிட்டதாக அவளும் பலராமனும் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் துறைக்கு ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் வந்தது. புது இன்ஃப்ராரெட் கருவி வந்தது. கட்டுரையின் முதல் பக்கத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, துறை வாசலில் மாட்டியிருந்தார்கள். ரேவதி பட்டம் வாங்கி வேலூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் செய்ததையே மறுபடி செய்து, பிறகு டைட்டானியத்துக்குப் பதிலாக ஜிர்கோனியம், அலுமினியம் என்று மாற்றிப் பார்ப்பது ஆராயியின் வேலை.

முறை எளிது. இரண்டு முனையிலும் ஓ.எச். தொகுதி உள்ள சிலிக்கோன் எண்ணெயை டொலுவீனில் கரைத்து, டைட்டானியச் சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடாக்கினால் பால் நிறத்தில் கோந்து மாதிரி ஒன்று கிடைக்கும். அதை இன்ஃப்ராரெட்டில் வைத்துப் பார்த்தால், கருவி வரையும் கோட்டில் தொள்ளாயிரத்து இருபது என்ற எண்ணுக்கு நேரே முகடு மாதிரி ஒரு பீக் வரும். சிலிக்கனும் டைட்டானியமும் ஓர் ஆக்சிஜனால் கோக்கப்பட்டிருப்பதற்கு அதுதான் அடையாளம் என்று ரேவதியின் கட்டுரை சொன்னது. ஆராயிக்கும் பீக் வந்தது. ஓடிப்போய்க் காட்டினாள். பலராமன் கேன்டீனில் இருந்து எல்லாருக்கும் பஜ்ஜி வரவழைத்தார்.

கார்த்திகை தீபத்துக்குக் கல்லூரி மூடினார்கள். மூடுவதற்கு முன்னால் அந்தக் கோந்தில் கொஞ்சத்தை டொலுவீனில் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பத்து நாளும் ஊருக்குள் பஸ் கிடையாது. அம்மாவோடு கடையில் நின்றாள். திருவிழா முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது பாட்டிலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்று படிந்திருந்தது. மேலே இருந்த திரவம் தண்ணீர் மாதிரித் தெளிவாக நின்றது.

கோத்த பூ தானாக உதிராது. சரத்தின் மேல் தூவி வைத்த பூ என்றால் உதிரும்.

டைட்டானியம் இருக்கிறதா என்று பார்க்க எம்.எஸ்ஸி. பிள்ளைகளே செய்யும் ஒரு சோதனை உண்டு. பொருளை எரித்து, சாம்பலைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விட வேண்டும். டைட்டானியம் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். அடியில் படிந்த வெள்ளைப் பொடியில் பெராக்சைடை விட்டாள். சாமந்திப் பூ மாதிரி மஞ்சள். தெளிந்த திரவத்தில் இருந்த சிலிக்கோனில் விட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி விட்டாள். ஒன்றுமில்லை.

அப்படியானால் அந்தத் தொள்ளாயிரத்து இருபது எங்கிருந்து வந்தது? இரண்டு வாரம் புத்தகங்களைப் புரட்டினாள். சிலிக்கோன் முனையில் இருக்கும் ஓ.எச். தொகுதியும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பீக் கொடுக்கும் என்று போட்டிருந்தது. வேறொரு வேதிப்பொருளால் அந்த முனைகளை அடைத்துவிட்டு மறுபடி இன்ஃப்ராரெட்டில் வைத்தாள். பீக் போய்விட்டது.

டைட்டானியம் சரத்தில் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பலராமன் அறைக்குப் போனாள். அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டைட்டானியச் சேர்மம் ஈரத்தைக் கண்டா ஒடஞ்சு பொடியாயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நீ பண்ணது மழை மாசத்துல. டொலுவீனைச் சரியாக் காய வெச்சியா? நைட்ரஜன் ஓட விட்டியா? உன் கையிலதாம்மா ஈரம் இருந்திருக்கு. ரேவதி கையில அப்படி இல்ல."

"பீக்கும் போயிடுச்சே சார்..."

"சரத்துக்குள்ள டைட்டானியம் போவாம இருந்தா முனைங்க சும்மாதான் இருக்கும், அடச்சா போவத்தான் போவும். நீ பண்ண பாலிமர்ல டைட்டானியம் இல்லன்னு நீயே நிரூபிச்சிருக்க. ரேவதியோடதுல இல்லன்னு நிரூபிக்கல. போம்மா, கோடையில திரும்பப் பண்ணு."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை மூன்று வருஷத்துக்கு மேல் கட்டிப்போட்டது. சோடியம் போட்டு டொலுவீனைக் காய வைத்தாள். நைட்ரஜன் சிலிண்டரைத் தானே உருட்டி வந்தாள். சித்திரை வெயிலில், மலைக்கல் அனலாய்க் காயும் நாட்களில், வியர்வை சொட்டக்கூடாது என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு செய்தாள். பதினேழு தடவை. பதினேழு தடவையும் வெள்ளைப் பொடி. பதினேழு தடவையும் பலராமன் சொன்னது ஒன்றுதான்: கை. கூடப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கண்ணாடிக் குடுவைகளை அவள் தொட்டால் மறுபடி கழுவினார்கள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வேலூருக்குப் போய் ரேவதியைப் பார்த்தாள். ரேவதி நல்லவள்தான். இட்லி ஊற்றிப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து ஆராயி கேட்டாள்:

"அக்கா, நீங்க பெராக்சைடு டெஸ்ட் பண்ணீங்களா?"

ரேவதி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள். "இல்ல ஆராயி."

"கரைச்சு வெச்சுப் பாத்தீங்களா, அடியில படியுதான்னு?"

"சார் பீக் இருக்கான்னு கேட்டாரு. இருந்துச்சு. எனக்கு அப்ப கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. அதுக்கு மேல நான் எதையும் பாக்கல." பிறகு மெதுவாக, "நான் பொய் சொல்லல, ஆராயி. பாக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஆராயிக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது. இனி பழைய முறையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

டைட்டானியத்துக்கு நாலு கை என்று வைத்துக்கொண்டால், நாலும் சும்மா இருந்தால்தான் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பொடியாகிறது. இரண்டு கையை முதலிலேயே வேறொன்றுக்குப் பிடிக்கக் கொடுத்துவிட்டால்? அசிட்டைல் அசிட்டோன் என்ற திரவத்தை அதற்குப் பயன்படுத்தினாள். எண்ணெய்க்குப் பதிலாக வேறு சிலிக்கன் சேர்மத்தை எடுத்தாள். எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் மாதம், 2019 மாசியில், குடுவையின் அடியில் வெல்லப்பாகு நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒன்று நின்றது. கரைத்துப் பத்து நாள் வைத்தாள். எதுவும் படியவில்லை. முனைகளை அடைத்தாள். தொள்ளாயிரத்து இருபது அசையவில்லை. எரித்துக் கரைத்துப் பெராக்சைடு விட்டாள். மஞ்சள். சென்னைக்கு அனுப்பிய சாம்பிளின் ரிப்போர்ட் மூன்று வாரத்தில் வந்தது. சிலிக்கனுக்குப் பக்கத்தில், ஓர் ஆக்சிஜன் தள்ளி, டைட்டானியம் இருப்பதை அது காட்டியது.

அன்றைக்கு ஆராயி கருவி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு தடவைதான்.

பலராமனுக்கும் கண் கலங்கியது. அதில் நடிப்பு இல்லை. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆராயி, சாதிச்சிட்டம்மா" என்றார். அவள் எழுதிய கட்டுரையின் வரைவை ஒரு வாரம் கழித்துத் திருத்திக் கொடுத்தார். திருத்தம் என்று பெரிதாக எதுவுமில்லை. முடிவுரைக்கு முன்னால் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு, 'முந்தைய ஆய்வுடன் தொடர்பு' என்று எழுதியிருந்தார்.

"இது இன்னா சார்?"

"ஒரு வாக்கியம் வேணும்மா. 'இம்முடிவு ரேவதி, பலராமன் 2013 ஆய்வை உறுதிப்படுத்துகிறது'ன்னு. தீசிஸ்லயும் அதே வாக்கியம்."

"உறுதிப்படுத்தலயே சார். இது வேற முறை. அது வரல, இது வந்திருக்கு."

"சரத்துல டைட்டானியத்த வெக்க முடியும்னு நாங்க சொன்னோம். முடியும்னு நீ காட்டிட்ட. அப்ப உறுதிதானே?"

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. இத்தனை வருஷமாக அவளுடைய கையைக் குறை சொன்ன அதே மனுஷன், இப்போது அந்தக் கையால் ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்.

அவள் மறுத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. அந்த வருஷக் கடைசியில் தீசிஸை எழுதி முடித்தாள். அதைச் சமர்ப்பிக்கும் படிவத்தில் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். படிவம் அவர் மேஜையில் கிடந்தது. போய்க் கேட்டால், "பாக்கறேம்மா" என்பார். தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில் கொரோனா வந்து கல்லூரியே மூடிவிட்டது. கிரிவலத்துக்குத் தடை போட்டார்கள். தனத்தின் கடையில் பூ வாங்க ஆள் இல்லை. ஆராயிக்கு முப்பத்தொரு வயது. மாறன் என்று ஒருவர், கூட்டுறவு வங்கியில் கிளார்க், அவளுக்காகக் காத்திருந்தார். படிப்பு முடியட்டும் என்று அவளே தள்ளிப்போட்ட கல்யாணம் அது. மாறன் வீட்டில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டதாகக் காதில் விழுந்தது.

கார்த்திகையில் கல்லூரி திறந்த முதல் வாரம், ஆராயி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதினாள். ஆங்கிலத்தில் பதினோரு வார்த்தை. அறுபத்து மூன்றாம் பக்கம். எழுதி முடித்ததும் கையெழுத்து ஒரே நிமிஷத்தில் கிடைத்தது.

வைவா 2021 கார்த்திகையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெலிந்த குரல். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

"உங்க பாலிமர்ல பெராக்சைடு டெஸ்ட் பண்ணியிருக்கீங்க. ரொம்ப நல்ல விஷயம். 2013 பாலிமர்லயும் அது பண்ணாங்களா? கட்டுரையில காணோம்."

பலராமன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் ரேவதி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் குனிந்துகொண்டாள். அம்மாவும் மாறனும் கடைசி வரிசையில் இருந்தார்கள். தனத்துக்கு ஒரு வார்த்தை புரியாது. மகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள்.

"பண்ணாங்க சார். ரிசல்ட் பாசிட்டிவ்" என்றாள் ஆராயி.

தேர்வாளர் தலையாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். கேசரித் தட்டோடு வந்த ரேவதி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பிடியை ஆராயியால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டாள்.

தையில் கல்யாணம் ஆயிற்று. அதே கல்லூரியில் விரிவுரையாளராக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. துறை வாசலில் ரேவதியின் கட்டுரைக்குப் பக்கத்தில் அவளுடையதையும் சட்டம் போட்டு மாட்டினார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனாள்.

2023-இல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பலராமனிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஃபைசான் அவள் இருக்கைக்கு வந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் கடை வைத்திருந்த ஜானி பாஷாவின் மகன். இருபத்தேழு வயது. அதிகம் பேசாதவன். கையில் ஒரு பாட்டில் இருந்தது. அவன் அதை மேஜையில் வைப்பதற்கு முன்பே அடியில் என்ன இருக்கும் என்று ஆராயிக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், ரேவதி மேடம் முறையில ஒம்போது தடவ பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவயும் இப்படிக் கீழ வெள்ளையா ஒக்காந்துக்குது. சாரு என் கை சரியில்லன்றாரு."

அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்க தீசிஸ் படிச்சேன். அறுபத்தி மூணாம் பக்கத்துல உறுதிப்படுத்துதுன்னு போட்டிருக்கீங்க. அந்தப் பழைய முறைய நீங்க பண்ணிப் பாத்தீங்களா, மேடம்?"

"பாத்தேன்."

"வந்துச்சா?"

ஜன்னலுக்கு வெளியே எங்கோ பஸ் ஹாரன் அடித்தது. "வரல" என்றாள் ஆராயி. "பதினேழு தடவ பண்ணேன். வரல. வராது."

ஃபைசான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. "ரெண்டு வருஷம் மேடம்" என்று மட்டும் சொன்னான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, காரியத்துக்கு வந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை அவனுடைய ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. தலைப்பை மாற்றிக் கேட்கப் போகிறான். அவன் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏற்கெனவே அந்த முறையைச் செய்து பார்த்த ஒருவர், அது வராது என்று எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியாது. "ரெண்டு வரி போதும் மேடம்."

"திங்கக்கிழமை தரேன்" என்றாள். அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

வீட்டில் மாறனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வைவாவில் சொன்ன பொய்யை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எழுதிக் குடுத்தா கமிட்டி உன்ன ஒரு கேள்வி கேக்கும். அப்ப உன் தீசிஸ்ல எதுக்கு அப்படிப் போட்டன்னு."

"ஆமா."

"வர்ற மாசம் உனக்கு கவர்மெண்ட் காலேஜு வேலைக்கு சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷன் இருக்குது. அந்தப் பட்டத்த வெச்சுத்தான் உன்னக் கூப்பிட்டிருக்காங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "வேணான்னு சொல்லல. யோசிச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தை தூங்கும்போது கடிதத்தை எழுதி, பிரின்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்தாள். திங்கட்கிழமை பையோடுதான் போனாள். ஃபைசான் லைப்ரரி வாசலில் நிற்பதாக மெசேஜ் அனுப்பியிருந்தான். மூன்றாவது பீரியட் முடிந்து வெளியே வந்தவள், பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அவன் இரண்டு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை. 'மேடம், கமிட்டி நாளைக்கு' என்று வந்த மெசேஜை, நீல டிக் விழுந்துவிடக்கூடாது என்று, திறக்காமல் அறிவிப்பிலேயே படித்தாள். நாளைக்குக் காலையில் சீக்கிரம் போய்க் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

கமிட்டி தலைப்பை மாற்றவில்லை. 'முன்னேற்றம் திருப்தியில்லை' என்று எழுதினார்கள். மூன்று மாதத்தில் ஃபைசான் படிப்பை விட்டான். கடைசி நாள் அவன் தன் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனதாக லேப் அட்டெண்டர் சொன்னார்.

ஆராயிக்கு அரசு வேலை கிடைத்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு கல்லூரி. சேர்ந்து சில மாதம் ஆனதும், இனி யாராலும் அசைக்க முடியாது என்று தோன்றிய பிறகு, 2024 ஐப்பசியில் உட்கார்ந்து எழுதினாள். 2013 கட்டுரையை வெளியிட்ட இதழுக்குப் பழைய நோட்டுகளின் நகல், பெராக்சைடு சோதனை, பீக் மறைந்த வரைபடம் எல்லாவற்றையும் வைத்து அனுப்பினாள். ஒரு பிரதி பலராமனுக்கு, ஒரு பிரதி ரேவதிக்கு. வைவாவில் சொன்னதை அதில் எழுதவில்லை. எழுதி, அழித்துவிட்டாள்.

ரேவதி பதில் போட்டாள்: 'என் வேலைக்கு எதுவும் ஆகாதே?'

பலராமன் போன் பண்ணினார். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

"நல்லாருக்கியாம்மா? பாப்பா பேசுதா?"

"பேசுது சார்."

"நீ அனுப்பினதப் படிச்சேன். சரியாத்தான் இருக்கு." மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீ இன்னும் ஒரு தடவ முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேம்மா. உன்னக் கட்டாயப்படுத்தணும்னு எனக்கு இல்ல. நீதான் எழுதிக் குடுத்துட்டியே."

அவள் போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அது நியாயமில்லை என்று அவளால் சொல்ல முடிந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து இதழில் மூன்று வரிக் குறிப்பு வந்தது. பின்னர் செய்த சோதனைகளில் 2013 முடிவை மீண்டும் பெற முடியவில்லை என்று கட்டுரையாளர்கள் தெரிவிக்கிறார்கள், அவ்வளவுதான். யார் தவறு, எப்போது தெரிந்தது, யார் யார் காலம் போயிற்று, எதுவும் இல்லை. யாரும் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பட்டத்துக்கும் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குறிப்பைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஜானி பாஷாவின் கடைக்குப் போனாள். வாட்ச் கடையில் பாதியை மொபைல் கடையாக மாற்றியிருந்தார்கள். ஃபைசான் ஒரு போனைப் பிரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க மேடம். கவர் மாத்தணுமா?"

காகிதத்தை நீட்டினாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மூன்று வரியையும் படித்தான். பிறகு தேதியைப் பார்த்தான்.

"நல்லது மேடம்" என்றான்.

"நீ திரும்பச் சேரலாம், ஃபைசான். எனக்குத் தெரிஞ்ச கைடு இருக்காங்க. நான் பேசறேன்."

"முப்பதாவப் போவுது மேடம். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. கடைய யாரு பாக்கறது?"

அதற்குள் ஒரு பெண்மணி வந்து போனுக்கு உறை கேட்டாள். ஃபைசான் பின்னால் தொங்கிய கொத்திலிருந்து ஒன்றை எடுத்து வளைத்துக் காட்டினான். "சிலிக்கோன்மா, கிழியாது" என்றான். அவள் போன பிறகு ஆராயியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "இதுல மெட்டல் இருக்கான்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு நான் கடிதம் எழுதி எடுத்துட்டு வந்திருந்தேன், ஃபைசான். பையிலதான் இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு..."

"வேணாம் மேடம்." அவன் போனின் மூடியைப் பொருத்தி, திருகாணியைத் தேடி எடுத்தான். "லைப்ரரி வாசல்ல நின்னா பின்னாடிப் படிக்கட்டு தெரியும். நீங்க எறங்குனதப் பாத்தேன்."

திருகாணியை முடுக்கினான். போனைப் போட்டுப் பார்த்தான். திரையில் வெளிச்சம் வந்தது. காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இத எடுத்துனு போங்க. இங்க வெச்சா எங்கனா போயிடும்" என்றான்.

அவள் வெளியே வந்தபோது பௌர்ணமிக் கூட்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தது. கூட்டத்துக்கு எதிராக நடந்து தன் பஸ்ஸைத் தேடி ஏறினாள்.

இப்போதும் அந்த அரசுக் கல்லூரியில்தான் இருக்கிறாள். நன்றாகப் பாடம் நடத்துவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பிஎச்.டி. வழிகாட்டியாகப் பதிவு செய்துகொள்ளும்படி முதல்வர் இரண்டு தடவை படிவம் கொடுத்தார். "செய்யறேன் சார்" என்று இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டாள். நிரப்பிக் கொடுக்கவில்லை. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.